இ-சிகரெட்டின் காயிலை மாற்றினேன், கருகல் நாற்றம் வருகிறது!

கேள்வி: என் இ-சிகரெட்டில் 2.5 ஓம் அட்டாமைசர் (திரவத்தை ஆவியாக்கும் பாகம், அதற்குள் சூடாகும் கம்பிச் சுருள்தான் காயில்) இருந்தது. ஆவி போதவில்லை என்று 1.2 ஓம் வாங்கி மாட்டினேன். பேட்டரி அதே 3.7 வோல்ட்தான். இப்போது நாலு இழுப்பிலேயே தொண்டை கமறுகிறது, பேட்டரியும் சுடுகிறது. 6 வோல்ட் ஜோடி பேட்டரி போட்டால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நண்பர் சொல்வது எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைக்கிற கதை.

ஓம், அதாவது மின்தடை, குறைந்தால் சூடும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து ஒரு காயிலைக் கருக்கியவன்தான். நடப்பது தலைகீழ். தடை குறையக் குறைய மின்சாரம் தாராளமாகப் பாயும். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். உங்கள் பழைய காயிலில் சுமார் 5.5 வாட். புதியதில் 11.4. அதுவும் 3.7 என்பது பெயருக்குத்தான். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும். அப்போது 14.7 வாட், மூன்றரை ஆம்பியர். பேனா அளவு பேட்டரி சுடாமல் என்ன செய்யும்?

தொண்டை கமறுவதற்குக் காரணம், காயிலுக்குத் திரவத்தை ஊட்டும் பஞ்சு. திரவம் ஊறி வருவதற்குள் காயில் அதை ஆவியாக்கிவிடுகிறது. அப்புறம் வறண்ட பஞ்சுதான் வேகிறது. நான் கருக்கியதைப் பிரித்துப் பார்த்தபோது எண்ணெய் தீர்ந்த விளக்குத் திரி மாதிரி கறுத்துக் கிடந்தது. அளவு மீறிச் சுட்டால் அந்தத் திரவமே சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் வரும். கருகல் வாடை வந்தால் அடுத்த இழுப்பு இழுக்காதீர்கள். (சாதாரண ஆவியும் ஒன்றும் அமுதமில்லை.)

6 வோல்ட்டில் உங்கள் 1.2 ஓம் காயில் 30 வாட் வாங்கும். அவ்வளவு வோல்ட்டுக்கு 3 ஓம் காயில்தான் பொருந்தும். அதிலேயே 12 வாட் வந்துவிடும். உங்கள் பேட்டரிக்கு 2 ஓம் பக்கம் போங்கள். பழையதைவிட ஆவி கொஞ்சம் கூடும், பேட்டரியும் தாங்கும்.

காயில் மேல் அச்சடித்த ஓமை அப்படியே நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வையுங்கள், 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது ஒயரின் தடை, அளவிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். கழித்த பிறகு பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது ஷார்ட் சர்க்யூட். அந்தக் காயிலைப் பேட்டரியில் மாட்டாதீர்கள்.