அஸ்ராமாவுக்குப் போகும் பிள்ளையின் பெட்டியும் காசும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து படிவம் 1-க்கு (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) அஸ்ராமா என்னும் பள்ளி விடுதிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை. பதில் சொல்பவர் விடுதி நடைமுறை அறிந்த அக்கா.

அக்கா, லோக்கருக்கு எந்தப் பூட்டு வாங்கலாம்? நம்பர் பூட்டு நல்லதா?

சாவிப் பூட்டே போதும்மா. 40 மி.மீ. பித்தளைப் பூட்டு வாங்குங்கள். இரும்பு நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும். வளையக் கம்பி 6 மி.மீ.க்கு மேல் தடித்தால் பல லோக்கர்களின் துளையில் நுழையாது. கழுத்து நீண்ட பூட்டும் வேண்டாம். அந்த இடைவெளியில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் பூட்டு அப்படியே இருக்கும், கொண்டி பெயர்ந்து வந்துவிடும்.

நம்பர் பூட்டில் பிள்ளைகள் அவசரத்தில் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் ஒரு எண் தள்ளிவிட்டுப் போவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

சாவி ஒன்று பிள்ளையின் கழுத்துக் கயிற்றில், ஒன்று பெயர் எழுதி ஒட்டிய உறையில் வார்டனிடம், ஒன்று வீட்டில். மாற்றுச் சாவியை அதே லோக்கருக்குள் வைத்துப் பூட்டும் பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு! பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் இறுகும். பென்சில் கரியைத் தூளாக்கி சாவித் துளையில் போட்டால் போதும்.

மார்க்கரில் பெயர் எழுதியும் மகனின் சட்டைகள் காணாமல் போகின்றன.

பெரும்பாலும் திருட்டு இல்லை. கொடியில் நாற்பது வெள்ளைச் சட்டை ஒன்றாகக் காயும்போது மழை வந்தால், கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். துணியில் நேரே எழுதிய மை துவைக்கத் துவைக்க மங்கும். பருத்தி நாடாவில் எழுதி, காய்ந்ததும் இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் தைத்துவிடுங்கள். சட்டைக்குக் கழுத்துப்பட்டையின் உட்புறம், சிலுவாருக்கு (கால்சட்டை) இடுப்புப் பட்டையின் உட்புறம். நூலால் பெயர் தைத்தால் இன்னும் நல்லது.

சப்பாத்து (காலணி) எல்லாருக்கும் கறுப்புதானே, அதனால் நாக்கின் உட்புறம் வெள்ளை பெயிண்ட் பேனாவால் எழுதுங்கள். வாளியில் மார்க்கர் நிற்காது. ஆணியைச் சூடாக்கிப் பெயரின் முதல் எழுத்தைக் கீறுங்கள்.

சம்பளம் மாதம் ஒரு தடவைதான். செலவுக்கு எவ்வளவு கொடுப்பது?

சாப்பாடு விடுதியில் கிடைக்கிறது. வாரம் 15 வெள்ளி (ரிங்கிட்) தாராளம்: கோப்பராசியில் (பள்ளிக் கூட்டுறவுக் கடை) தின்பண்டம் 8, போட்டோஸ்டேட் 2, அவுட்டிங் பஸ்ஸுக்கும் தண்ணிக்கும் 5. சவர்க்காரம், பற்பசை, ஷாம்பு எல்லாம் மாதத்துக்கு வீட்டிலிருந்தே வாங்கிக் கொடுங்கள். அங்கே போய் வாங்கினால் காசு கரையும்.

சம்பள நாளில் 60 வெள்ளியை மொத்தமாகக் கையில் கொடுத்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். நான்கு உறையில் 15, 15 வெள்ளியாகப் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். வார்டன் காசு வைத்துக்கொள்ளும் விடுதி என்றால் அவரிடம் கொடுத்து, ஒவ்வொரு உறைக்கும் பிள்ளை நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். 1, 5 வெள்ளி நோட்டுகளாகவே கொடுங்கள். 50 வெள்ளி நோட்டை கோப்பராசியில் நீட்டும்போது வரிசையில் நிற்கிறவன் எல்லாம் பார்க்கிறான், ராத்திரியே கடன் கேட்டு வருவான். அவசரத்துக்கு ஒரு 10 வெள்ளியைத் தனியாக, சட்டைப்பையில் வைக்காமல், லோக்கரில் அகராதி உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

மகள் தோடும் சங்கிலியும் போட்டுப் போகலாமா?

சங்கிலி வேண்டாம். விளையாட்டு நேரத்தில் கழற்றுவாள், குளிக்கையில் சோப்புத் தட்டில் வைப்பாள், மறப்பாள். திருகாணி இறுக்கமான சின்னத் தோடு மட்டும் போதும், அதுவும் பள்ளி அனுமதித்தால்.

போனை ஒளித்துக் கொண்டுபோகலாமா?

கூடாது. பிடிபட்டால் பறிமுதல், திருப்பி வாங்க நீங்கள் வேலையை விட்டு நேரில் போகணும். காணாமல் போனாலோ புகார் கொடுக்கவும் வழியில்லை.

ஐசியும் (அடையாள அட்டை) பேங்க் கார்டும்?

கார்டு இருந்தால் பின் நம்பரைக் கார்டு உறையில் எழுதாதீர்கள், நண்பனிடம் கொடுத்துக் காசு எடுக்கவும் சொல்லாதீர்கள். ஐசியின் இரண்டு பக்கத்தையும் போட்டோஸ்டேட் எடுத்து வீட்டில் வையுங்கள். தொலைத்தால் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) அபராதம் கட்டித்தான் புதிது எடுக்கணும், படிவம் 5-இல் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கு ஐசி இல்லாமல் முடியாது.

பொருள் காணோம் என்றால் முதலில் என்ன செய்வது?

கொடி, குளியலறை, படிப்பறை என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கே வார்டனிடம் எழுத்தில் புகார்: என்ன பொருள், என்ன நிறம், கடைசியாக எங்கே பார்த்தது. இதற்காகவே முதல் நாள் பொருள் பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நீங்கள் வைத்திருக்க வேண்டும். அடுத்தவன் லோக்கரைப் பிள்ளையே திறந்து பார்க்கக் கூடாது. பிறகு பழி உங்கள் பிள்ளை மேல்தான் விழும். லோக்கரைத் திறந்து பார்ப்பது வார்டன் வேலை.