வழுக்கை விழுந்த சில ஆண்கள் முடி மாற்று அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பது ஏன்?

பணம் இல்லாததால், இல்லையென்றால் பயத்தால் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இரண்டும் உண்மையான காரணங்களே. ஆனால் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகும் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது வயது 41. முப்பது வயதில் நெற்றியின் இரு பக்கமும் ஏறத் தொடங்கி, முப்பத்தைந்துக்குள் உச்சந்தலையிலும் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு கோயம்புத்தூரில் இதற்காகவே இரண்டு இடங்களுக்குச் சென்றேன். முதல் இடத்தில், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஆலோசகர் ஒருவர் மார்க்கர் பேனாவால் என் நெற்றியில் ஒரு கோடு வரைந்தார். கல்லூரிக் காலத்தில் எனக்கு முடி எங்கே தொடங்கியதோ, ஏறக்குறைய அதே இடம். கண்ணாடியைக் கையில் கொடுத்து, 2,800 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) தேவைப்படும், கிராஃப்டுக்கு 45 ரூபாய், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். அந்தக் கோட்டைக் கண்ணாடியில் பார்த்தபோது என் மனம் இளகிவிட்டது. முன்பணம் கட்டாமல் எழுந்து வந்ததற்குக் காரணம், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று என் மனைவி வற்புறுத்தியதுதான்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதில் மூத்த தோல் மருத்துவர். அவர் என் நெற்றியைப் பார்க்கவே இல்லை. என் பிடரியில் சிறிய கேமரா ஒன்றை வைத்து, பெரிதாக்கிய படத்தைத் திரையில் காட்டினார். ஒரே துளையிலிருந்து இரண்டும் மூன்றுமாகத் தடித்த முடிகள் முளைத்திருந்தன. அவற்றுக்கு இடையிடையே நூல்போல மெலிந்த முடிகளும் இருந்தன. அதன் பிறகு அப்பாவின் படமும் தாய்மாமன்களின் படமும் இருக்கிறதா என்று கேட்டார். தங்கையின் திருமணத்தில் அப்பாவும் பெரிய மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் கைப்பேசியில் இருந்தது. இருவருக்கும் காதுகளுக்கு மேலும் பிடரியிலும் ஒரு பட்டை முடி மட்டுமே மிச்சம். “இன்றைக்கு இருக்கும் தலைக்கு என்னால் முடி வைத்துவிட முடியும். ஐம்பத்தைந்து வயதில் இருக்கப்போகும் தலைக்கு உங்களிடம் இருப்பு இல்லை” என்றார்.

அந்த ‘இருப்பு’ என்ற சொல்தான் என் முடிவுக்கு அடிப்படை. இந்த அறுவை சிகிச்சை புதிதாக ஒரு முடியைக்கூட உண்டாக்குவதில்லை; பின்னால் இருப்பதைப் பிடுங்கி முன்னால் நடுகிறது. ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி என்ற ஹார்மோன் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சுருக்குவதுபோல, பிடரியிலும் காதோரத்திலும் உள்ளவற்றைப் பெரும்பாலும் சுருக்குவதில்லை. பிடரி முடியை இடம் மாற்றி நட்டாலும் அது தன் பழைய இயல்போடேயே வளரும் என்பதை 1950-களில் நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் செய்து காட்டினார். இன்றைய சிகிச்சை முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆனால், எடுத்த இடத்தில் அந்த முடி மறுபடி முளைக்காது. பிடரி வெறுமையாகத் தெரியாமல் ஒருவரிடமிருந்து வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது, சராசரியாக 5,000 அல்லது 6,000 கிராஃப்ட்தான். முழு வழுக்கையாகப் போகும் தலையில் நிரப்ப வேண்டிய பரப்போ ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் வரும். இயல்பான அடர்த்தியில் பாதியை, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்டை வைத்தாலும் 8,000 வேண்டும். என் பிடரியிலேயே மெலிந்த முடிகள் கலந்திருந்ததால், எனக்கு அந்த 5,000-கூடத் தேறாது என்றார் மருத்துவர். அதில் 2,800-ஐ முப்பத்தாறு வயதிலேயே நெற்றியில் செலவழித்துவிட்டால் உச்சந்தலைக்கு எதை வைப்பது?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன். நட்ட முடி நிற்கும். அதைச் சுற்றி இயற்கையாக இருக்கும் முடி தொடர்ந்து உதிர்ந்துகொண்டே போகும். உதிர்வைத் தடுத்து நிறுத்தவேண்டுமானால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மாத்திரையோ தைலமோ காலம் முழுவதும் தேவைப்படும். ஃபினாஸ்டெரைடு மாத்திரை உண்மையில் பலருக்கு நல்ல பலன் தருகிறது. நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்தப் பலன் போய்விடும். மினாக்ஸிடில் தைலமும் அப்படியே. ஃபினாஸ்டெரைடு எடுப்பவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பாலுறவு நாட்டம் குறைவது போன்ற பக்க விளைவுகள் ஏற்படுவதுண்டு. அது சிலருக்குத்தான் என்றாலும், முப்பது ஆண்டுகள் தினமும் ஒரு மாத்திரை என்று நினைத்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. மாத்திரை வேண்டாம் என்றால் அறுவை சிகிச்சையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மருத்துவர். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

என் முடிவை உறுதி செய்தது, எனக்கு மிக நெருங்கிய அலுவலக நண்பருக்கு நேர்ந்தது. அவர் தமது 27-ஆவது வயதில், பிடரியிலிருந்து தோலை ஒரு பட்டையாக அறுத்தெடுக்கும் பழைய முறையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர். பத்து ஆண்டுகளில் நட்ட முடி நெற்றியில் அப்படியே நிற்க, அதன் பின்னால் உச்சந்தலை முழுவதும் காலியாகிவிட்டது. பின்பக்க முடியை மட்டும் எப்போதும் கொஞ்சம் நீளமாகவே விட்டிருப்பார். காரணம் அப்போது எனக்குத் தெரியாது. அவருடைய அப்பா காலமானபோது மூத்த மகன் என்பதால் கொள்ளி வைப்பதற்கு மொட்டையடிக்க வேண்டியிருந்தது. வாசலில் போட்ட பந்தலில் உறவினர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். பாதி மழித்த நிலையில் கத்தியை நிறுத்தி, “தம்பி, இது அடிபட்ட தழும்புங்களா?” என்று கேட்டார் நாவிதர். ஒரு காதின் பின்புறத்திலிருந்து மறுகாதின் பின்புறம் வரை வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. “ஆமாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார் நண்பர். மனைவியைத் தவிர வேறு எவரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்காக அழ வேண்டிய நேரத்தில் அவர் மனம் அந்தக் கோட்டின் மேல் இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னபோது, என்னால் பதில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இப்போது பரவலாகச் செய்யப்படும் எஃப்யூஇ முறையில் ஒவ்வொரு மயிர்க்காலாக எடுப்பதால் அந்த நீளக் கோடு வராது. ஆனால் எடுத்த இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். முடி சற்று வளர்ந்திருந்தால் தெரியாது, மழித்தால் தெரியும். பழனிக்கும் திருப்பதிக்கும் மொட்டை போடும் வழக்கமுள்ள குடும்பங்களில் பிறந்த நாம் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. நட்ட முடி நன்றாகப் பிடித்த பிறகு மழிப்பதால் அதற்குக் கேடு எதுவும் வராது. மறைந்திருந்தது வெளியே தெரிவதுதான் சிக்கல்.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சைக்குச் சென்ற இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். தகுந்த மருத்துவரிடம் செய்துகொண்டால் இத்தகைய விபரீதம் மிக அரிது. ஆனால் பல மணி நேரம் நீளும் இந்தச் சிகிச்சையில், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்தின் அளவைக் கணிக்கத் தெரிந்தவரும், ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே கையாளத் தெரிந்தவரும் அறையில் இருந்தே ஆக வேண்டும். பயிலரங்கில் பார்த்தோ யூடியூபில் பார்த்தோ கற்றுக்கொண்டு இதைச் செய்யக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டிவந்தது என்பதே நிலைமையைக் காட்டுகிறது.

இந்தச் சிகிச்சையே தவறு என்று நான் சொல்லவில்லை. நாற்பதை நெருங்கி, உதிர்வு ஓரளவு நின்றுபோய், பிடரியில் அடர்த்தியும் நன்றாக இருந்து, நெற்றியின் இரு மூலைகள் மட்டும் ஏறியவர்களுக்கு அது அருமையாகப் பொருந்தும். தீக்காயத் தழும்பால் புருவமோ தலைமுடியோ இழந்தவர்களுக்கு அது பெரும் ஆறுதல். இருபதுகளில் இருப்பவர்களைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். அவர்களுடைய வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது.

என் அக்கா மகனுக்கு 23 வயது. நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. தாய்மாமன் தலையைப் பார்த்தால் மருமகன் தலை தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு: வழுக்கையோடு தொடர்புள்ள முக்கியமான மரபணு ஒன்று தாய் வழியாக வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அப்பா வழியாக வருபவையும் உண்டு. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பேச்சுக்கு நடுவில் என் தலையைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். முப்பது வயதுவரை எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம் என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஜன்னலருகே, ஒரே வெளிச்சத்தில், உச்சந்தலையைப் படம் எடுத்து வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவனால் தன் உச்சந்தலையைத் தானே சரியாகப் படம்பிடிக்க முடியவில்லை என்பதால் நான்தான் எடுக்கிறேன். முதல் மூன்று படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன. அடுத்ததை எடுக்கத் தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.