ஆங்கிலம் பேச வராத ஃப்ரீலான்ஸர் வேர்ட்கேம்ப் போனால் பலன் உண்டா?

(வேர்ட்கேம்ப் என்பது, இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் மாநாடு. கேட்டவர் திருப்பூரில் தனியாளாக வேர்ட்பிரஸ் தளங்கள் செய்துகொடுக்கிறவர். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் போவது வீண் செலவாகிவிடுமோ என்று பயப்படுகிறார்.)

போங்க. ஆனா பேச்சு கேக்குறதுக்குன்னு போகாதீங்க.

நானும் திருப்பூர்தானுங்க, அனுப்பர்பாளையம். பனியன் கம்பெனிகளுக்கும் இரண்டு பாத்திரக் கடைகளுக்கும் தளம் செய்துகொடுத்துப் பிழைக்கிறவன். கொரோனாவுக்கு முன்னால் கொச்சியில் நடந்த ஒரு வேர்ட்கேம்புக்கு நாங்கள் மூன்று பேர் விடிகாலை ரயிலில் கிளம்பினோம். வாளையார் தாண்டும்வரை "பாதி நாள் கேட்டுட்டு ஃபோர்ட் கொச்சி போயிரலாம்" என்றுதான் பேச்சு.

முதல் நாள் பெரும்பாலும் உரைகள். பாதி புரிந்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அநேகமாக எல்லா உரைகளையும் பிறகு வேர்ட்பிரஸ் டிவி என்ற வீடியோ தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் படுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து இரண்டு தடவை கேட்டுக்கொள்ளலாம். பேசுகிறவர்களுக்குக் காசு கிடையாது, நடத்துகிறவர்களும் தன்னார்வலர்கள். 2006-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் வேர்ட்கேம்ப் நடந்தது. இப்போதும் டிக்கெட் விலையைக் குறைவாகத்தான் வைக்கிறார்கள், மிச்சத்தை ஸ்பான்சர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம்.

டீ வரிசையில் நின்றபோதுதான் எனக்கு முதல் அடி. ஒரு கம்பெனி தளத்தில் தீம், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தரும் ஃபைல்கள், அப்டேட் ஆனதும் நான் போட்டிருந்த விசாரணைப் படிவம் காணாமல் போய், மூன்று வாரம் யாரும் கவனிக்காமல், முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை எங்கள் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்றவர் திரும்பி, நல்ல பாலக்காட்டுத் தமிழில், "சைல்டு தீம் போடலையா?" என்றார். தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நான் போடவில்லை. நாலு வருஷமாகத் தீமின் ஃபைலுக்குள்ளேயே நேராகக் கை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்டேட் வந்தால் பழைய ஃபைல் அத்தனையும் அடித்துக்கொண்டு போகும் என்று எனக்குச் சொல்ல ஆளே இருந்ததில்லை. தனியாக வேலை செய்கிறவனுக்கு இதுதான் வினை. தன் தப்பு என்னவென்றே தெரியாது.

அசல் விஷயம் மறுநாள். கான்ட்ரிப்யூட்டர் டே என்பார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து வேர்ட்பிரஸுக்கே வேலை செய்துகொடுக்கிற நாள். மேடை, மைக் ஒன்றும் இருக்காது. நிரல் எழுத ஒரு மேசை, ஆவணத்துக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பு மேசை முழுக்க மலையாளிகள். கடைசியில் நாங்கள் மூன்று தமிழர்கள். அங்கே ஆங்கிலம் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. திரையில் ஒரு ஆங்கில வரி வரும், அதற்குத் தமிழ் வரி எழுதிச் சேமித்தால் சரிபார்ப்பவர் ஏற்கும்வரை வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, முதல் ஒரு மணி நேரம் 'பிளகின்' என்ற ஒரே சொல்லில் போயிற்று. தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற நிரல் அது. செருகுநிரலா, நீட்சியா, சொருகியா? நான் பிளகின் என்றே இருக்கட்டும் என்ற கட்சி, இன்னும் அதே கட்சி. இருந்தாலும் ஒரு குழு ஏற்கெனவே சொல் பட்டியல் வைத்திருந்தால் அதன்படி போவதுதான் முறை. ஒரே திரையில் மூன்று சொல் வந்தால் கடைக்காரர் மூன்றும் வேறு வேறு சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து வந்ததுதான் என்னை உட்காரவைத்தது. ஒரு பாத்திரக் கடைத் தளத்தில் தேடல் பக்கம் 'குடம்க்கான தேடல் முடிவுகள்' என்று காட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரரும் "ஏந்தம்பி, நம்ம ஊட்டுல யாரும் இப்பிடிப் பேசறதில்லையே" என்று பலமுறை சொல்லிவிட்டார். நான் ஃபான்ட்டைச் சந்தேகப்பட்டேன், பிளகினைத் திட்டினேன். காரணம் அந்த மேசையில் தெரிந்தது. தேடிய சொல் வந்து விழ ஒரு பிளேஸ்ஹோல்டர் வைத்திருப்பார்கள். யாரோ அதன் வாலிலேயே 'க்கான' என்று ஒட்டிவிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு சொல் போட்டால் முடிந்தது. தமிழில் குடம் 'குடத்துக்கான' ஆகும், அண்டா 'அண்டாவுக்கான' ஆகும், மெஷினுக்கு அது தெரியாது. "'குடம்' என்று தேடியதில் கிடைத்தவை" என்று உருபை வேறு சொல்லின் மேல் ஏற்றிவிட்டால் எந்தச் சொல் வந்தாலும் உடையாது.

இன்னொன்று. ஒரே வரியில் இரண்டு பிளேஸ்ஹோல்டர் இருந்தால் அவற்றுக்கு எண் போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஆள் பெயர் முதலில், பதிவின் தலைப்பு பின்னால். தமிழுக்கு இரண்டை முன்னால் கொண்டுவந்து ஒன்றைப் பின்னால் தள்ளலாம், எண்ணை மட்டும் மாற்றக்கூடாது. இது தெரியாமல் எத்தனை தளத்தில் வாக்கியத்தைத் தலைகீழாக ஓடவிட்டேனோ.

ஆங்கிலம் வராது என்று தயங்குகிறீர்கள். அந்த மேசையில் குடம்க்கான என்பதைப் பார்த்ததும் முகம் சுளிக்கத் தெரிந்தால் போதும்.

போவதானால் சில விஷயங்கள். கான்ட்ரிப்யூட்டர் டேக்குத் தனியாகப் பெயர் கொடுக்கச் சொல்வார்கள், விட்டுவிடாதீர்கள். லேப்டாப் கட்டாயம். மொழிபெயர்க்க வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தில் கணக்கு வேண்டும், அதை வீட்டிலேயே திறந்துகொள்ளுங்கள். அங்கே வைஃபையில் அத்தனை பேரும் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அறை போடுகிறவர் இரண்டாம் நாளுக்கும் சேர்த்துப் போடுங்கள். நாங்கள் போடாமல் ராத்திரி ஒன்பது மணிக்கு எர்ணாகுளத்தில் பையோடு அலைந்தோம். ஃபோர்ட் கொச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

டிக்கெட் எடுக்கும்போது டீ-ஷர்ட் அளவு கேட்டால் ஒரு அளவு கூட்டியே சொல்லுங்கள். எனக்குக் கிடைத்ததை அப்பா கையில் வாங்கி, உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "நம்மூர்ச் சரக்குதான், காம்பாக்டிங் பண்ணாம உட்டுட்டானுங்க, ஒரு தண்ணி பட்டாச் சுருங்கிரும்" என்றார். சுருங்கித்தான் போச்சு.