சிட்டை இருக்கிறது, சாமான் எங்கே? – வீடியோ எடிட்டிங் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை அதிகம். கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: வீட்டில் எடிட் செய்த வீடியோவை எப்படிப் பத்திரப்படுத்துவது?

கே: என் அப்பச்சி, ஆத்தாவின் சாந்திக் கலியாண (அறுபதாம் கல்யாண) வீடியோவை பிரீமியர் புரோவில் இரண்டு மாதம் உட்கார்ந்து எடிட் செய்தேன். லேப்டாப்பை ஃபார்மேட் போடும் முன் புராஜெக்ட் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வைத்தேன். இப்போது திறந்தால் திரை சிவப்பாகி ‘மீடியா ஆஃப்லைன்’ என்கிறது. வீடியோ அந்த ஃபைலுக்குள் இல்லையா?
– வாசகர், காரைக்குடி

இல்லை. பென்டிரைவில் இருக்கும் அந்த ஃபைலின் அளவைப் பாருங்கள், சில எம்பிதான் இருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். புராஜெக்ட் ஃபைல் என்பது கல்யாணச் சாமான் சிட்டை மாதிரி. எந்தக் கிளிப், எந்த ஃபோல்டரில், எந்த நொடி முதல் எந்த நொடி வரை, மேலே என்ன டைட்டில் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். சிட்டையில் வெள்ளிக் குடம் என்று எழுதியிருப்பதால் குடம் பெட்டகத்தில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஆனாலும் உங்கள் இரண்டு மாத உழைப்பு போய்விடவில்லை. வெட்டியது, ஒட்டியது எல்லாம் அந்தச் சிட்டையில்தான் இருக்கிறது. ஒரிஜினல் கிளிப்புகள் கிடைத்தால் பழையபடி வந்துவிடும். முதலில் கேமரா கார்டைத் தேடுங்கள். அதில் வேறு எதையும் எடுக்காதீர்கள். வீடியோகிராபர் எடுத்ததென்றால் இன்றைக்கே கேளுங்கள்; அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று அவர்கள் டிரைவைக் காலி செய்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியது சுருக்கப்பட்டது, உதவாது.

ஃபார்மேட் போட்ட லேப்டாப்பில் இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. குவிக் ஃபார்மேட் என்றால் பட்டியல்தான் அழிகிறது, தரவு கிடக்கும். அதன்மேல் விண்டோஸ் ஏறிய இடம் மட்டும் போயிருக்கும். லேப்டாப்பை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதாமல் வேறு டிரைவில் எழுத வேண்டும். ஃபோட்டோரெக் பழைய பெயரைத் தராது, கிளிப்புகளை நீங்களே பார்த்து அடையாளம் காண வேண்டியிருக்கும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் ஆசையை விட்டுவிடலாம். ஃபார்மேட் ஆனதும் ‘டிரிம்’ என்ற ஏற்பாடு அந்தப் பகுதிகளை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடுகிறது.

கிளிப்புகள் கிடைத்தபின், புராஜெக்ட் பேனலில் ஆஃப்லைன் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், ‘லிங்க் மீடியா’, ‘லொகேட்’. ‘ரீலிங்க் அதர்ஸ் ஆட்டோமேட்டிக்கலி’யில் டிக் இருக்கட்டும். ஒரே ஃபோல்டரில் இருக்கும் மற்றவை தாமாக இணையும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சோனி கேமரா ஒவ்வொரு புதுக் கார்டிலும் சி0001, சி0002 என்றே பெயர் வைக்கக்கூடும். மூன்று கார்டு எடுத்திருந்தால் மூன்று சி0001. பெயரை மட்டும் நம்பி இணைத்தால், மாலை மாற்றும் இடத்தில் பந்தி பரிமாறும் காட்சி வந்து உட்காரும். நீளத்தையும் டைம்கோடையும் (காட்சியோடு பதிவாகும் நேரக் குறி) ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை ‘கார்டு 1 – பெரிய கேமரா’, ‘கார்டு 2 – டிரோன்’ என்று தனித்தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். தொடங்கியபின் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள். ஏவிசிஎச்டி என்ற முறையில் பதியும் கேமரா என்றால் எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்காமல் ‘பிரைவேட்’ ஃபோல்டரை முழுசாக எடுங்கள். நீளமான ஒரே ஷாட்டை அந்தக் கேமரா பல துண்டாக்கி வைக்கும். ஒட்டும் குறிப்பு மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் துண்டு சேரும் இடத்தில் நாதஸ்வரம் ஒரு கணம் விக்கும்.

வேலை முடிந்ததும் ஃபைல் மெனுவில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ திறந்து, ‘கலெக்ட் ஃபைல்ஸ் அண்ட் காப்பி டு நியூ லொகேஷன்’ கொடுத்தால் கிளிப்பு, பாட்டு, போட்டோ எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வந்துவிடும். ஆனால் எழுத்துருக்களை அது எடுக்காது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் செய்து, டைனமிக் லிங்க் வழியாக இணைத்த காம்போசிஷனையும் எடுக்காது. தமிழில் டைட்டில் போடுகிறவர்களுக்கு முதலாவதுதான் பெரிய வம்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘மணிவிழா’, அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் அடியுங்கள், அப்படியும் ஃபாண்ட் ஃபைலைப் புராஜெக்டோடு போட்டு வையுங்கள்.

கே: டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் எடிட் செய்கிறேன். கிளிப்புகள் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் புராஜெக்ட் ஃபைலை எங்கே தேடியும் காணோம்.
– வாசகர், தேவகோட்டை

உங்கள் கதை மேலே உள்ளதற்கு நேர் தலைகீழ்: சாமான் இருக்கிறது, சிட்டை வேறு இடத்தில். ரிசால்வ் ஒவ்வொரு புராஜெக்டையும் தனி ஃபைலாகக் கையில் தருவதில்லை. ‘புராஜெக்ட் லைப்ரரி’ என்ற தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. நீங்களாக மாற்றாவிட்டால் அது சி டிரைவில்தான் இருக்கும். டி டிரைவை எத்தனை தடவை நகலெடுத்தாலும் எடிட்டிங் அதில் வராது.

புராஜெக்ட் மேனேஜரில் புராஜெக்ட் மேல் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட் புராஜெக்ட்’ கொடுத்தால் டிஆர்பி ஃபைல் கிடைக்கும். சிறியது, எடிட்டிங் குறிப்பு மட்டும். தினமும் வேலை முடிந்ததும் தேதி போட்டு ஒன்று எடுத்து டி டிரைவில் வையுங்கள். கிளிப்புகளும் சேர்ந்து வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்கைவ்’. அது டிஆர்ஏ என்ற முடிவோடு ஃபோல்டராக வரும், கிளிப்புகளின் மொத்த அளவுக்கு இடம் பிடிக்கும்.

பிரிஃபரன்ஸில் யூசர், ‘புராஜெக்ட் சேவ் அண்ட் லோடு’ பகுதியில் ‘லைவ் சேவ்’, ‘புராஜெக்ட் பேக்கப்ஸ்’ இரண்டையும் இயக்குங்கள். பேக்கப் போகும் இடத்தையும் அங்கேயே வேறு டிரைவுக்கு மாற்றலாம். லைவ் சேவ் மட்டும் போதாது. தவறாக அழித்ததையும் அது உடனே சேமித்துவிடும்.

புது வெர்ஷன் வந்ததும் ஏற்றும் பழக்கம் இருந்தால், அதற்கு முன் டிஆர்பி கட்டாயம். புது வெர்ஷனில் திறந்து சேமித்த புராஜெக்ட் பழையதில் திறக்காது. பாதி வேலையில் இருக்கும்போது வெர்ஷன் மாற்றாமல் இருப்பதே நல்லது.

கே: 2003இல் நடந்த எங்கள் கல்யாணம் பன்னிரண்டு மினி டிவி (MiniDV) கேசட்டில் இருக்கிறது. கடையில் டிவிடி போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். போதுமா?
– வாசகி, கோட்டையூர்

போதாது. மினி டிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. அதை அப்படியே கணினிக்கு இறக்கலாம், ஒரு மணிக்குச் சுமார் 13 ஜிபி. பன்னிரண்டும் ஒரு மணிக் கேசட்டுகள் என்றால் 156 ஜிபி, இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டிவிடிக்கு மாற்றும்போது இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. எரித்த டிவிடியும் நாளாவட்டத்தில் படிக்காமல் போகும். டிவிடி, பார்ப்பதற்கு ஒரு நகலாக இருக்கட்டும்.

கடையில் ‘ஃபயர்வயர் வழியாக டிவி (DV) ஏவிஐ ஃபைலாக வேண்டும்’ என்று கேளுங்கள். ஃபயர்வயர் என்பது கேமராவிலிருந்து தரவை அப்படியே இறக்கும் வயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை யூஎஸ்பி கருவியில் மாட்டி இறக்கினால் டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறார்கள் என்று பொருள், தரம் குறையும். கேசட் ஓடும் நேரம் முழுக்க ஆகும், அவசரப்படுத்த முடியாது. கொடுக்கும் முன் ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் உள்ள சிறு தாழை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள், மேலே பதிவாகாது. எல்பி வேகத்தில் (கேசட்டில் அதிக நேரம் பிடிக்கும் மெதுவான ஓட்டம்) எடுத்திருந்தால், எடுத்த அதே கேமரா இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு கேமராவில் கட்டம் கட்டமாக உடையலாம். டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் எந்தக் கேமராவிலும் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

இறக்கிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

கே: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ‘எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடுங்கள் அப்பச்சி’ என்கிறான். அது போதுமா?
– வாசகர், பள்ளத்தூர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. கட்டணம் கட்டி 500 ஜிபி ஏற்றுவதானாலும், அப்லோடு வேகம் 20 மெகாபிட் என்றால் இடைவிடாமல் 55 மணி நேரத்துக்கு மேல். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உங்கள் இணைப்பில் அப்லோடு எவ்வளவு என்று கேளுங்கள். கூகுள் போட்டோஸில் போடுவதானால் ‘ஸ்டோரேஜ் சேவர்’ இருக்கிறதா என்று பாருங்கள். அது 4கே வீடியோவை 1080க்குக் குறைத்துவிடும்.

இன்னொன்று, சிங்க் (இரண்டு இடத்தையும் ஒன்றுபோல் வைப்பது) என்பது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அப்புறம் கிடையாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு பெட்டி வாங்கியவர்களுக்கும் இதே பதில்தான். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். கை தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் போகும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 கணக்கு உங்களுக்கு அழகாகப் பொருந்தும்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். டிஆர்பி, புராஜெக்ட் ஃபைல் போன்ற சிறியவை, முடித்த வீடியோ ஆகியவை மட்டும் கூகுளில் போகட்டும். கனமான ஒரிஜினல்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ பிள்ளையார் நோன்புக்கோ மகன் வரும்போது பெட்டியில் வைத்து அனுப்புங்கள். 500 ஜிபி அதைவிட வேகமாகக் கடல் தாண்ட வழியில்லை.

கே: எந்த டிரைவ் வாங்கலாம்? எங்கள் வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும்.
– வாசகர், கானாடுகாத்தான்

எடிட் செய்ய எஸ்எஸ்டி, வைத்துப் பூட்ட ஹார்டு டிஸ்க். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் சீக்கிரம். ஆகவே ஓட்டுக்கூரைக்கு அடியில் பரணில் வைக்காதீர்கள். இரண்டாங்கட்டில் கனச்சுவர் உள்ள உள்ளறை அலமாரியே போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு, ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். இரண்டு நகலையும் ஒரே இரும்புப் பெட்டியில் வைத்தால் அது ஒரு நகல்தான்.

வெவ்வேறு நாளில் வாங்கிய இரண்டு டிரைவ் நல்லது. ஃபார்மேட் போடும்போது, விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதானால் என்டிஎஃப்எஸ் முறை. மேக்கிலும் மாட்டுவதென்றால் எக்ஸ்ஃபேட். அதில் ‘இஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கினாலோ நடுவில் கரண்ட் போனாலோ பட்டியலே சிதையலாம். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது. டெஸ்க்டாப்பில் நகலெடுக்கும்போது யூபிஎஸ் இருக்கட்டும். 2 டிபி, நொடிக்கு 100 எம்பி வேகத்திலேயே ஐந்தரை மணி நேரம் ஓடும், அதற்குள் ஒரு தடவையாவது மின்சாரம் கண்ணைச் சிமிட்டும். இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றுங்கள்.

டெராகாப்பி மாதிரி, எழுதியபின் சரிபார்க்கும் வசதி உள்ள மென்பொருளால் நகலெடுங்கள். ஃப்ரீஃபைல்சிங்க்கில் ‘மிரர்’ முறை என்றால் அழிந்த ஃபைல்களுக்கு ‘வெர்ஷனிங்’ தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கணினியில் தவறி அழித்தது நகலிலும் அழியும்.

வீடு திறக்கும் நாளில் விளக்கேற்றிய கையோடு டிரைவையும் மாட்டுங்கள். ஃபோல்டர் தெரிகிறதே என்று மூடிவிடாமல், ஒரிஜினல் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு நகலிலிருந்து புராஜெக்டைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். சிவப்பு வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரிலிருந்து நேரடியாக இழுத்துப்போட்ட பாட்டாக இருக்கும்.

கே: போனில் கைன்மாஸ்டர், கேப்கட்டில்தான் எடிட் செய்கிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?
– வாசகி, புதுவயல்

இன்னும் அதிகமாகத் தேவை. கேப்கட் டிராஃப்ட் போனுக்குள்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினாலோ ‘கிளியர் டேட்டா’ தொட்டாலோ போய்விடும். கேலரியில் ஒரிஜினலை அழித்தாலும் புராஜெக்ட் ஓட்டையாகும். கைன்மாஸ்டரில் புராஜெக்டை ‘கைன்’ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்ய வழி உண்டு, எடுத்துக் கணினியில் போடுங்கள். முடித்த வீடியோவை, இருப்பதில் உயர்ந்த தரத்தில் ஒன்று, டைட்டிலும் பாட்டும் இல்லாமல் ஒன்று என இரண்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிற்பாடு டைட்டிலில் ஒரு பெயரைத் திருத்த வேண்டி வந்தால் அந்த இரண்டாவதுதான் கைகொடுக்கும்.