ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போகும் முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. "அம்மா", "தண்ணி" என்று ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுகிறான். எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் பேச்சுப் பயிற்சி மையத்தில், அவனைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, 60,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் ஆறு மாதத்தில் சரளமாகப் பேச வைத்துவிடுவோம் என்று உறுதி சொல்கிறார்கள். கட்டலாமா? அவர்கள் தகுதி பெற்றவர்கள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: இப்போது கட்ட வேண்டாம். பேச்சு தாமதமாவதற்குச் செவித்திறன் குறைவு, ஆட்டிசம், அறிவுசார் வளர்ச்சித் தாமதம், மொழி வளர்ச்சியில் மட்டும் உள்ள தாமதம் எனப் பல காரணங்கள் உண்டு. காரணத்துக்கு ஏற்பப் பயிற்சியும் அதற்கு ஆகும் காலமும் மாறும் என்பதால், முழுமையாக மதிப்பீடு செய்யாமல் யாரும் கெடு வைத்து உறுதி தர இயலாது. அதே சமயம், "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அதை நம்பித் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் "அம்மா வா", "பால் வேணும்" என இரு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் மகனை இந்த மாதமே காட்டியாக வேண்டும்.

முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்பிப் பார்ப்பதை வைத்து மட்டும் காது சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. பலத்த ஓசை கேட்டாலும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பயிற்சியைத் தொடங்கும் மையத்தைத் தவிர்ப்பதே நல்லது.

தகுதியைச் சரிபார்ப்பது எளிது. இந்தியாவில் இந்தப் பணியைச் செய்பவர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பயிற்சி அளிப்பவரின் சி.ஆர்.ஆர். எண்ணை, அதாவது கவுன்சிலின் பதிவேட்டில் அவருக்குள்ள பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். பெயர், படிப்பு, பதிவு நடப்பில் உள்ளதா ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது செவியியல், பேச்சு மொழி நோயியலில் உள்ளுறைப் பயிற்சியுடன் சேர்த்து நான்காண்டுப் பட்டம், எம்.ஏ.எஸ்.எல்.பி. அல்லது பேச்சு மொழி நோயியலில் எம்.எஸ்சி. அதற்கு மேற்பட்டது. சில வாரச் சான்றிதழ்ப் படிப்பு இவற்றுக்கு ஈடாகாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருவருடையதாகவும், குழந்தையோடு தினமும் உட்காருபவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. ஆகவே "என் மகனுக்குப் பயிற்சி தரப்போவது யார்?" என்று நேரடியாகவே கேளுங்கள்.

முதல் சந்திப்பிலும் பல விஷயங்கள் புலப்படும். நல்ல வல்லுநர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, சோப்புக் குமிழி ஊதிக் காட்டிவிட்டு, புட்டியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கிறதா, கையை நீட்டிக் கேட்கிறதா, அம்மாவை இழுத்து வருகிறதா, ஒன்றும் செய்யாமல் நகர்ந்துவிடுகிறதா என்று கவனிப்பார். வீட்டில் பேசும் தமிழிலேயே மதிப்பிடுவார். தமிழை விட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று சொல்ல மாட்டார், ஏனெனில் இரு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் அல்ல. எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, பெற்றோரை அறைக்குள் உட்கார வைத்து வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுக்கிறாரா என்பதைத்தான். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான் அவரிடம் இருக்கப்போகிற குழந்தை, மீதி நேரமெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது!

கட்டணத்தை ஒவ்வொரு முறைக்குமோ மாதத்துக்கோ செலுத்துங்கள். எழுத்து மூலமான மதிப்பீட்டு அறிக்கையும் ரசீதும் கேட்டுப் பெறுங்கள். ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இத்தனை செலவு செய்யும் முன், அரசு வழியாக மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள, டி.இ.ஐ.சி. என்று அழைக்கப்படும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குச் சென்று வாருங்கள். அங்கே மதிப்பீடு இலவசம். கூட்டம் அதிகமாக இருந்து பயிற்சிக்கு அடிக்கடி நேரம் கிடைக்காமல் போகலாம். அப்போதும் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தனியார் மையத்தைத் தேடுவது உங்களுக்குப் பெரிய பலம்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தைக்குப் பேச்சு குழறுகிறது. அருகில் குழந்தைகளுக்கான மையம் மட்டுமே உள்ளது. அங்கேயே போகலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பட்டம் ஒன்றுதான் என்றாலும் அனுபவம் வேறு. பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவரிடமே பரிந்துரை கேளுங்கள். பேச்சுப் பயிற்சியைக் காணொளி வழியாகவும் தொடரலாம். ஆனால் சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ அவருக்கு இருமலோ புரையேறலோ இருந்தால், உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா வரக்கூடும் என்பதால், தாமதிக்காமல் மருத்துவமனையில் நேரில் காட்டி, விழுங்கும் திறனை முதலில் பரிசோதியுங்கள்.