பொடி ஸ்க்ரூ, பொடி வேலை: கண்ணும் கையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், தோடு, இயர்போன் வயர் என்று வீட்டு மேசையிலேயே முடிக்கக்கூடிய நுண்வேலைகள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

சார், வாட்ச் வேலைக்கு 10 மடங்கு லென்ஸ் வாங்கினேன். மூக்கு வாட்ச்சில் இடிக்கிறது, ஸ்க்ரூ டிரைவரை நுழைக்கவே இடமில்லை. 30 மடங்கு வாங்கினால் சரியாகுமா?

இன்னும் மோசமாகும். 250-ஐ மடங்கால் வகுத்துப் பாருங்கள். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே கிடைக்கும் இடம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர்தான். 10 மடங்கு என்றால் 25 மி.மீ., 5 மடங்கு என்றால் 50, 3 மடங்கு என்றால் 83. இரண்டரை சென்டிமீட்டர் சந்தில் கை எப்படி நுழையும்? மடங்கு ஏற ஏற இடம் மட்டும் குறைவதில்லை. தெரியும் பரப்பு சுருங்கும், கூர்மையாகத் தெரியும் ஆழமும் குறையும். ஸ்க்ரூ தலை தெளிவாக இருக்கும்போது டிரைவர் முனை மங்கலாகிவிடும்.

10 மடங்கு பார்ப்பதற்கு, வேலை செய்வதற்கு அல்ல. வேலைக்குத் தலையில் மாட்டும் இரட்டைக்கண் லென்ஸ் வாங்குங்கள். அந்த வகைக்கு மேலே சொன்ன 250 கணக்கு பொருந்தாது: 1.75 மடங்கு என்று விற்பதற்கு 35 செ.மீ., 2.5 மடங்குக்கு 20 செ.மீ., 3.5 மடங்குக்கு 10 செ.மீ. தூரம் கிடைக்கும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 2.5. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் ஆழம் தெரியும். ஒற்றைக் கண் லென்ஸில் முனை ஸ்க்ரூவுக்கு முன்னாலேயே இறங்கிவிடுவது கை நடுக்கத்தால் அல்ல, ஆழம் தெரியாததால்தான்.

லென்ஸில் எழுதியிருக்கும் மடங்கை நம்ப வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெளியே தெரியும் மரத்தின் பிம்பம் கூர்மையாக விழும்வரை லென்ஸை நகர்த்தி, சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை மி.மீ.-இல் அளந்து, 250-ஐ அதால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

வயது 52. படிக்க +2 கண்ணாடி போடுகிறேன். தலையில் மாட்டும் சமாச்சாரம் இல்லாமல் வேறு வழி உண்டா?

உண்டு, அதுதான் மலிவான வழியும். 100-ஐப் பவரால் வகுத்தால் தெளிவாகத் தெரியும் தூரம் செ.மீ.-இல் வரும். தூரப்பார்வை சரியாக உள்ளவருக்கு +2 போட்டால் 50 செ.மீ., +3.5 போட்டால் சுமார் 29 செ.மீ. வேலைக்கென்று தனியாக ஒரு +3.5 ரெடிமேட் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்காதீர்கள், படி தடுக்கும். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாகவோ சிலிண்டர் பவரோ இருந்தால் ரெடிமேட் உதவாது. உங்கள் கண்ணாடியின் மேலேயே தலை லென்ஸை மாட்டிக்கொள்ளுங்கள்.

குனியாதீர்கள். கடிகாரக்காரர் மேசை நெஞ்சு உயரத்துக்கு இருப்பது சும்மா இல்லை. முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருந்தால் பாதி நடுக்கம் போய்விடும். சாப்பாட்டு மேசையில் 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி வைத்தாலே போதும்.

யுஎஸ்பி மைக்ராஸ்கோப் எப்படி?

சர்க்யூட் போர்டில் சால்டர் (பற்றவைத்த ஈயம்) விரிசலைப் பார்க்க நல்லது. கையால் வேலை செய்ய ஆகாது: திரையில் படம் ஒரு கணம் பிந்தி வரும், ஆழமும் தெரியாது. போர்டு வேலை அடிக்கடி செய்பவர் 7 முதல் 45 மடங்கு வரை போகும், இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புக்குச் சேமிக்கலாம். கூடவே 0.5 துணை லென்ஸும் வாங்குங்கள். மடங்கு பாதியாகும், சுமார் 10 செ.மீ.-ஆக இருந்த வேலை இடம் 16 செ.மீ.-க்கு மேல் விரியும். சால்டரிங் இரும்பு நுழைவதற்கு அந்த இடம் வேண்டும்.

அண்ணா, மூக்குக்கண்ணாடிக் காலின் ஸ்க்ரூ வாரத்துக்கு ஒருமுறை கழன்றுவிடுகிறது. நெயில் பாலிஷ் தடவச் சொல்கிறார்கள். செய்யலாமா?

உலோக ஃபிரேமா, பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்தது. நெயில் பாலிஷில் எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் உண்டு. செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக் ஃபிரேமில் பட்டால் அந்த இடம் இளகிப் பளபளப்பு போய்விடும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். உலரும்போது கிளம்பும் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும்.

உலோக ஃபிரேமுக்கு: ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்க்ரூ, துளை இரண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். எண்ணெய் இருந்தால் எதுவும் பிடிக்காது. ஊதா நிறத்தில் வரும் குறைந்த பிடிப்புள்ள திரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை, லாக்டைட் 222 வகை) பல்குச்சி முனையில் ஒட்டும் அளவு போதும். நீலமும் சிவப்பும் இந்தப் பொடி ஸ்க்ரூவுக்கு அதிகம். அடுத்த முறை கழற்றும்போது தலை முறியும். ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஃபிரேமில் திரெட்லாக்கரும் ஆபத்துதான், இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். அதற்குத் தையல் நூல் வைத்தியம்: பாலியஸ்டர் நூலில் ஒரு புரியை மட்டும் பிரித்துத் துளைக்குக் குறுக்கே போட்டு, அதன் மேல் ஸ்க்ரூவை முடுக்கி, மிஞ்சியதை வெட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும். இதற்கும் நிற்கவில்லை என்றால் துளையின் மரை தேய்ந்துவிட்டது, ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போட வேண்டும்.

லென்ஸைச் சுற்றி இறுக்கும் ஸ்க்ரூ என்றால் முட்டியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் கால் சுற்று போனாலே லென்ஸ் ஓரம் பொரியும்.

ஸ்க்ரூ தலை வழுக்கி மொழுக்கென்று ஆகிவிட்டது. இனி என்ன செய்வது?

வழுக்கியதற்குக் காரணம் அநேகமாக டிரைவர்தான். தட்டைக் காடி ஸ்க்ரூவுக்கு டிரைவர் நாக்கு காடியின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும், தடிமனும் காடிக்குள் ஆடாமல் அமர வேண்டும். 1.2 மி.மீ. தலைக்கு 0.8 நாக்கைப் போட்டால் நடுவில் மட்டும் பிடித்துக் காடியைக் கிழிக்கும். பிளஸ் தலையிலும் சிக்கல் உண்டு: ஜப்பானியக் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) தலை. பார்க்க வழக்கமான பிளஸ் தலையான பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காமல் எகிறும்.

இப்போதைக்கு: சால்டரிங் இரும்பின் முனையைத் தலையில் 10 விநாடி வைத்தால் பழைய பசை இளகும் (பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்தால் வேண்டாம்). பிறகு ஒரு அளவு பெரிய நாக்கை அழுத்திப் பிடித்து, முதலில் *இறுக்கும்* பக்கம் இம்மி திருப்பி, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அழுத்தம் முக்கால் பங்கு, திருப்பம் கால் பங்கு.

தலையே முறிந்து தண்டு உள்ளே நின்றுவிட்டால் கடிகாரக்காரர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது: படிகாரம். வெந்நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்துப் பித்தளைப் பாகத்தை அதில் போட்டுச் சூடாக வைத்திருந்தால், இரும்புத் தண்டு மட்டும் அரித்துக் கரையும். பித்தளை அப்படியே இருக்கும். சில மணி நேரம் முதல் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அந்தப் பாகத்தில் வேறு இரும்பு எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் அதுவும் போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவிடம் இந்த வித்தை பலிக்காது.

வாட்ச் பேட்டரியை நானே மாற்றலாமா? கடையில் எல்ஆர் 626 கொடுத்தார்கள், பழையதில் எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ என்று இருக்கிறது.

மாற்றலாம், ஆனால் எஸ்ஆர்-ஐயே கேட்டு வாங்குங்கள். இரண்டும் 6.8 மி.மீ. அகலம், 2.6 மி.மீ. உயரம், உருவம் ஒன்று, சரக்கு வேறு. எஸ்ஆர் சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்டில் கடைசிவரை ஏறக்குறைய நிலையாக நிற்கும். எல்ஆர் ஆல்கலைன், வோல்ட்டேஜ் இறங்கிக்கொண்டே வரும், சீக்கிரம் கசியவும் செய்யும்.

மூடியின் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருந்தால் அது நெம்பித் திறப்பது. சுற்றிலும் காடிகள் இருந்தால் திருகித் திறப்பது. பேட்டரியைப் பிளாஸ்டிக் சாமணத்தால் (ட்வீசர்) எடுங்கள். உலோகச் சாமணம் மேலும் பக்கமும் சேர்ந்து தொட்டால் ஷார்ட் ஆகும். பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு சுருள் தெரியும். அதன் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. சாமணம் வழுக்கி அதைக் கீறினால் வாட்ச்சின் கதை அங்கேயே முடிந்தது. வீட்டில் சாகும் வாட்ச்சுகள் பலவும் இப்படித்தான் சாகின்றன. டிஜிட்டல் வாட்ச்சில் பேட்டரி மாற்றியும் திரை வரவில்லை என்றால் உள்ளே ‘ஏசி’ (AC, ஆல் கிளியர்) என்று குறித்த புள்ளி இருக்கிறதா பாருங்கள். அதையும் பேட்டரியின் பிளஸ் பக்கத்தையும் உலோகச் சாமணத்தால் இரண்டு விநாடி இணைத்தால் உயிர் வரும்.

ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மூடுங்கள். பிறகு அதை நம்பி நீச்சலுக்குப் போகாதீர்கள். பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால், முக்கியமாக 20 மி.மீ. லித்தியம் வகை, இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

தோட்டின் திருகாணி தானாகக் கழல்கிறது. எச்யூஐடி (ஹால்மார்க் நகையில் பொறிக்கும் அடையாள) எண்ணும் கண்ணுக்குத் தெரியவில்லை, அக்கா கேட்கச் சொன்னார்.

இங்கேதான் 10 மடங்கு லென்ஸுக்கு வேலை. ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடியை லேசரால் பொறித்திருப்பார்கள். நேர் வெளிச்சத்தில் மின்னி மறையும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

அதே லென்ஸில் மரையைப் பாருங்கள். முகடு கூராக இருந்து பள்ளத்தில் சோப்பழுக்கு அடைந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும் (முத்து, பவளம், மரகதம் பதித்ததை ஊறப்போடாதீர்கள்). முகடு உருண்டுவிட்டால் 22 காரட் தங்கம் தேய்ந்துவிட்டது என்று பொருள். பத்தரிடம் கொடுத்துச் சுரை (திருகாணி ஏறும் குழல்) மாற்றுங்கள். வீட்டுக் கொறடால் நசுக்கினால் சுரை கோணலாகி மிச்ச மரையும் போகும்.

இயர்போன் வயரில் சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

அந்த இழைகளின் மேல் நிறம் நிறமாக இருப்பது அரக்குப் பூச்சு, நடுவில் நைலான் நாரும் இருக்கும். இரும்பை 380 டிகிரிக்கு ஏற்றி, முனையில் ஒரு உருண்டை சால்டர் எடுத்து, ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பூச்சு) தடவிய இழையை அதற்குள் இரண்டு மூன்று விநாடி நுழைத்து எடுங்கள்; பூச்சு எரிந்து வெள்ளி நிறம் ஏறும். பிறகு 330-க்கு இறக்கி இணையுங்கள். 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), 0.5 மி.மீ. தடிமன். 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும், ஈயமில்லாதது 217-ஐத் தாண்ட வேண்டும். ஊசி முனை வேண்டாம், 1.5 மி.மீ. உளி முனைதான் சூட்டைக் கடத்தும். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸைத் தொடாதீர்கள், ஆறு மாதத்தில் வயர் பச்சை பூக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

சாமணத்தில் பிடித்த ஸ்க்ரூ பறந்துபோய்விடுகிறது!

பலமாகப் பிடிப்பதால். அழுத்த அழுத்த நடுப்பகுதி வளைந்து நுனி விரியும், ஸ்க்ரூ பிதுங்கி எகிறும். நழுவாத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். பொது வேலைக்கு ‘ஏஏ’ எண், மிக நுண்ணியதற்கு 5-ஆம் எண் வாங்குங்கள், காந்தம் ஏறாத உலோகத்தில். மூடிய நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது.

வேலைக்கு முன் மேசை விளிம்பில் ஒரு துண்டை ஒட்டி மறுமுனையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், விழுவது மடியில் தங்கும். தரையில் விழுந்தேவிட்டால் எழுந்து நடக்காதீர்கள். மின்விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்துச் சுற்றுங்கள், ஒரு மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கும் நீண்ட நிழல் விழும். அதிலும் கிடைக்காவிட்டால் வேக்குவம் குழாய் வாயில் பழைய சாக்ஸை மாட்டி உறிஞ்சி, சாக்ஸை வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். அதற்கு முன் சட்டை மடிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.