தூக்குமேடையில் கைதி, கீழே ஆட்டக்காரர்கள்: டிஎம்களின் கேள்விகளுக்குப் பதில்

கைதியை மேடைக்குக் கொண்டுவருகிறார்கள், ஆட்டக்காரர்கள் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இந்த ஒரு காட்சியைப் பற்றி டிஎம்களிடமிருந்து, அதாவது ஆட்டத்தை நடத்துபவர்களிடமிருந்து, வந்த கேள்விகள் இவை. எண்கள், பாத்திரங்களாக நடித்துப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி. நானாகச் சேர்த்த விதியை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நாலு பேர், மூணாம் லெவல். இனிஷியேட்டிவ் (யார் முதல்ல ஆடுறதுங்கற வரிசை) உருட்டினோம், தூக்குப் போடுறவருக்கு 19 விழுந்துச்சு. முதல் ரவுண்டுலயே கட்டையை இழுத்துட்டார். யாரும் ஒரு அடி எடுத்து வைக்கல. எங்கே தப்பு?

தூக்குப் போடுபவரை இனிஷியேட்டிவ் வரிசையில் வைத்ததுதான் தப்பு. ஒரு ரவுண்டு, அதாவது எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது, கதைக்குள் 6 விநாடி. மரண தண்டனை அப்படி நடப்பதில்லை, அது ஊர் பார்க்க நடத்தும் சடங்கு. லண்டனில் நியூகேட் சிறையிலிருந்து டைபர்ன் தூக்குமரத்துக்கு ஏறக்குறைய 3 மைல். கூட்டத்துக்குள் வண்டி ஊர்ந்து போய்ச் சேரவே மணிக்கணக்கில் ஆகும். போன பிறகும் ஜெபம், கைதியின் கடைசிப் பேச்சு, சுருக்கு மாட்டுவது என்று வரிசையாக நடக்கும்.

அந்த வரிசையையே கடிகாரமாக்குங்கள். ஒரு தாளில் 8 கட்டம் போட்டு மேசை நடுவில் வையுங்கள். கைதி மேடை ஏறுவது 1. தீர்ப்பு வாசிப்பது 2, 3. பூசாரி 4. கடைசிச் சொல் 5. சுருக்கு 6. முகத்துணி 7. கட்டையை இழுப்பது 8. ரவுண்டு முடியும்போது ஒரு கட்டத்தை நிரப்புங்கள்.

இனி வருவது என் விதி. காவலர் கண்ணில் படும்படி யாராவது ஆயுதம் உருவினால் நீதிபதி பதறிப்போய் 4, 5 இரண்டையும் தாண்டச் சொல்வார். நல்ல கவனத்திருப்பல் ஒரு கட்டத்தை நிறுத்திவைக்கும். தூக்குப் போடுபவர் விழுந்தால், வேறொருவர் மேடை ஏறும்வரை ஒரு ரவுண்டு கடிகாரம் நிற்கும். இதையெல்லாம் ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எப்போது கத்தியை உருவலாம் என்று அவர்கள் கணக்குப் போட முடியும்.

கேள்வி: கட்டையை இழுத்த பிறகு எத்தனை ரவுண்டு தரலாம்?

கழுத்து எலும்பை முறிக்கும் நீள்விழுதல் முறை இங்கிலாந்தில் 1870-களில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் குறுகிய விழுதல்தான். மூச்சடைத்துச் சாகப் பல நிமிடம் ஆகும், சொந்தக்காரர்கள் காலைப் பிடித்து இழுத்துச் சீக்கிரம் முடித்ததும் உண்டு. வாளும் குதிரையும் உள்ள உலகத்துக்குப் பொருந்துவது இந்தக் குறுகிய விழுதல்தான்.

விதிப்படி, மூச்சுக்குழாய் அடைபட்டவர் தாங்குவது கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர் (உடல் தாங்குசக்திக்கான கூட்டல் எண்) எத்தனையோ அத்தனை ரவுண்டு, குறைந்தது 1. அதன்பின் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 0. மறுபடி மூச்சு விடும்வரை குணப்படுத்தவும் முடியாது, ஸ்டெபிலைஸ் செய்யவும் (சாகாமல் நிலைப்படுத்தவும்) முடியாது. சாதாரண ஊர்க்காரருக்கு இது ஒரே ரவுண்டுதான். எனக்கு இது போதாது. கைதி மூச்சைப் பிடித்துக்கொண்டார் என்று 3 ரவுண்டு சேர்த்துத் தருவேன், 0 ஆனதும் ஆட்டக்காரர் போலவே டெத் சேவ் (பிழைப்பாரா சாவாரா என்று முடிவு செய்யும் பகடை) உருட்டுவேன். அதையும் மேசையில் எல்லோர் முன்னாலும்.

கேள்வி: எங்க வில்லாளி கயிற்றை அம்பால அறுக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். விடலாமா?

தாராளமாக விடுங்கள். கயிற்றுக்கு ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 11, ஹிட் பாயின்ட் 2. அட்டாக் போனஸ் +5 இருந்தால் 20 முகப் பகடையில் 6 விழுந்தாலே போதும், அதாவது 75 சதவீதம். இது ரொம்பச் சுலபம் என்று தோன்றினால், தூக்குமரச் சட்டமும் ஆட்களும் மறைக்கிறார்கள் என்று முக்கால் மறைவு கொடுங்கள். ஏசி 16 ஆகும், வாய்ப்பு பாதிக்குப் பாதி.

பலர் மறப்பது கயிறு அறுந்த பிறகு நடப்பதை. 10 அடி விழுந்தால் 1டி6 சேதம், அதாவது 6 முகப் பகடை ஒன்றில் விழும் எண். ஊர்க்காரருக்கு இருப்பது 4 ஹிட் பாயின்ட். 4, 5, 6 விழுந்தால் ஆள் 0-வில் கிடப்பார். காப்பாற்றிய அம்பே பாதி நேரம் அவரை வீழ்த்திவிடும். 60 அடிக்குள் ஃபெதர் ஃபால் (விழுவதை மெதுவாக்கும் மந்திரம்) தெரிந்தவர் ஒருவர் ரியாக்‌ஷனை (நடுவில் சட்டென்று ஒன்று செய்யும் வாய்ப்பை) மிச்சம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே ஒருவர் நின்று பிடிக்க வேண்டும். இந்த ஆபத்தை அம்பு விடும் முன்பே சொல்லுங்கள், பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

கேள்வி: தூக்குக்குப் பதிலா கோடாரி வெச்சா?

அதில் கடைசிக் கட்டம் முடிந்தால் முடிந்ததுதான். உயிர்ப்பிக்கும் மந்திரங்களில் ரிவிவிஃபை 1 நிமிடத்துக்குள், 300 பொன் மதிப்புள்ள வைரத்தோடு வேலை செய்யும், ஆனால் போன உறுப்பைத் திருப்பித் தராது. ரெய்ஸ் டெட் 10 நாள்வரை செல்லும், தலை இல்லாத உடலில் செல்லாது. குழுவில் ஐந்தாம் லெவல் கிளெரிக் (கடவுள் சக்தியால் மந்திரம் போடுபவர்) இருப்பது வில்லனுக்குத் தெரிந்தால் அவன் கோடாரியைத்தான் கேட்பான். முதல்முறை நடத்துகிறீர்கள் என்றால் தூக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசார்டுகிட்ட (மந்திரவாதி) டைமென்ஷன் டோர் (சட்டுனு வேற இடத்துக்குத் தாவுற மந்திரம்) இருக்கு. ஒரே டர்ன்ல காட்சி காலி. ஆன்ட்டிமேஜிக் (மந்திரத் தடை) போட்டுடவா சார்?

வேண்டாம். கஷ்டப்பட்டு ஏழாம் லெவல் வந்து வாங்கிய மந்திரத்தைப் பிடுங்கினால் அந்த ஆட்டக்காரருக்கு மனசு விட்டுப்போகும். அது 500 அடிவரை, கூட ஒரே ஒருவரை மட்டும் கூட்டிப்போகும், அவர் 5 அடிக்குள் நிற்க வேண்டும். ஆகவே மேடையில் இரண்டு கைதிகளை நிறுத்துங்கள். ஒருவரை விசார்டு கொண்டுபோகட்டும், இன்னொருவருக்காக மற்றவர்கள் உழைக்கட்டும். எதிரியிடம் கவுன்டர்ஸ்பெல் (மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) இருந்தால் அதற்கு மந்திரம் போடுபவரை 60 அடிக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். ஃபாக் கிளவுட் (மூடுபனி) போட்டு ஆட்டக்காரர்கள் அதை முறியடிக்கலாம்.

கேள்வி: மூணாம் லெவல் நாலு பேருக்கு எத்தனை காவலர்?

எட்டு. தலைக்கு 25 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மொத்தம் 200, எதிரிகள் பலர் என்பதற்கான 2.5 மடங்கு போட்டால் 500. மீடியம் (நடுத்தரக் கஷ்டம்) தொடங்குவது 600-இல். அதே எட்டுப் பேரோடு 450 எக்ஸ்பி பேண்டிட் கேப்டன் (கொள்ளையர் தலைவன்) ஒருவரைச் சேர்த்தால் கணக்கு 1,625, டெட்லி (உயிருக்கே ஆபத்து) எல்லையான 1,600-ஐத் தாண்டிவிடும். தலைவன் வேண்டுமென்றால் காவலரை நாலாகக் குறையுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குத் தனித்தனி எண் வேண்டாம், அவர்கள் நிற்கும் இடம் முழுக்க டிஃபிகல்ட் டெரெயின் (நடக்கக் கஷ்டமான இடம்), அவ்வளவே.

கேள்வி: கைதியே ஒரு ஆட்டக்காரரோட கேரக்டர். ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார வைக்க முடியுமா அண்ணா?

முடியாது, கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு ஒரு செயல் கொடுங்கள். விலங்கிலிருந்து கையை உருவ டெக்ஸ்டெரிட்டி (லாகவம்) டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 20, உடைக்க ஸ்ட்ரெங்த் டிசி 20, பூட்டுக்கருவி கிடைத்தால் டிசி 15. கருவியை மேஜ் ஹேண்ட் (மந்திரக் கை) 30 அடிக்குள் கொண்டுவந்து கொடுக்கும். ஐந்தாம் கட்டத்தில் அவர் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டால் (பெர்ஃபார்மன்ஸ் டிசி 15, என் விதி) ஒரு கட்டம் நிற்கட்டும்.

அதற்கும் முன்னால் தனியாகக் கேளுங்கள்: இந்தக் காட்சிக்குச் சம்மதமா, எந்த அளவு வர்ணிக்கலாம், பாத்திரம் நிஜமாகவே செத்தால் ஒப்புக்கொள்வாரா? தூக்கு என்ற பேச்சே சிலருக்கு வீட்டு இழப்பை ஞாபகப்படுத்தும். மேசையில் எக்ஸ் அட்டை இருக்கட்டும். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்த வர்ணனையைத் தாண்டிப் போங்கள்.

கேள்வி: தோத்துட்டா? கடைசி நிமிஷத்துல ராஜாவோட மன்னிப்பு ஓலை வர்ற மாதிரி வெச்சிருக்கேன்.

எடுத்துவிடுங்கள். எட்டாவது கட்டம் நிரம்பியும் கைதி பிழைத்தால், அடுத்த முறை நீங்கள் போடும் கடிகாரத்தை யாரும் நம்பமாட்டார்கள். ஓலையை ஆட்டக்காரர்களே முந்தின நாள் ஏற்பாடு செய்திருந்தால் அது வேறு விஷயம்.

தோல்விக்குப் பிறகும் ஒரு வழி உண்டு, உடலை மீட்பது. எடின்பரோவில் 1724-இல் தூக்கிலிடப்பட்ட மேகி டிக்சன், அடக்கத்துக்காக மஸல்பரோவுக்குக் கொண்டுபோகும் வழியில் பிழைத்தெழுந்தார். அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

கேள்வி: மேடையில மோதுறதுக்கு எங்க பசங்க பயப்படுறாங்க. வேற இடம்?

அந்தப் பயம் சரியான பயம், அதற்கு மதிப்புக் கொடுங்கள். எடின்பரோவில் 1736-இல் வில்சன், ராபர்ட்சன் என்ற இரண்டு தண்டனைக் கைதிகளைக் கடைசி ஆராதனைக்காகத் தேவாலயத்துக்குக் கூட்டிவந்தார்கள். வில்சன் காவலர்களைப் பிடித்துக்கொள்ள, ராபர்ட்சன் கூட்டத்துக்குள் புகுந்து தப்பித்தார். வில்சன் ஏப்ரல் 14 அன்று தூக்கில் தொங்கினார்.

அதனால் சிறை அறை, தேவாலயம், வண்டி வரும் பாதை, மேடை என்று நாலு இடத்தையும் வரைபடத்தில் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை காவலர் என்பதை, விசாரித்தால் தெரிந்துகொள்ளும்படி வையுங்கள். தேவாலயத்தில் நாலு பேர், மேடையில் எட்டுப் பேர் என்று தெரிந்தால் எங்கே இறங்குவது என்று உங்கள் பசங்களே முடிவு செய்வார்கள்.